மஞ்சள் தொட்டிக்காரன்

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தைக்கு,

நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு உண்மையாகவே ஆவல்தான். உங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

நான் உங்கள் தம்பியின் மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். நிறைய வாசிப்பேன். நூலகத்தில் என்னைக் கிளப்புவதற்காக மணி அடிப்பதற்கு முன்னாலேயே மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். உங்கள் முகவரி அம்மாவின் பொத்தான் டப்பாவில், மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அம்மா சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். அப்பா அந்த டப்பாவைத் திறக்கவே மாட்டார். அம்மா இடம் பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். போன வாரம் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். பழைய இடுகாட்டின் வழியாகப் பெரிய சாலை போடப்போகிறார்களாம். அங்கே புதைக்கப்பட்டவர்களை ஊருக்கு வெளியே புது இடத்துக்குக் கொண்டுபோகலாம். பெற்றவர்கள் இல்லையென்றால் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மே மாதம் முடிவதற்குள் போடவில்லையென்றால், கேட்க ஆளில்லாதவர்களோடு சேர்த்து ஒரே பொதுக்குழியில் போட்டு மூடிவிடுவார்கள். சித்தப்பாவுக்கு உடன்பிறந்தவர்கள் நீங்களும் அப்பாவும்தான்.

அம்மா மெதுவாக, "அக்காவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்களேன்" என்றாள். அப்பா எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். அவர் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். வண்டி ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

அவர் எழுதமாட்டார் என்று தெரிந்துவிட்டது. அதனால் நான் எழுதுகிறேன். சாயப்பட்டறையில் தவறி விழுந்து இறந்துபோன சித்தப்பா ஒருவர் இருந்தார் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சாண் இடம் வெள்ளையடிக்காமல் இருக்கிறது. அதில் நான்கு விரல்கள் மஞ்சளாகப் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் அப்பா பக்கத்தில் நின்று அந்த இடத்தை விடச் சொல்வார். அது யாருடையது என்று சின்ன வயதில் கேட்டபோது, "கையைக் கழுவாதவனுது" என்றார்.

உங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கும்,
தம்பி மகள்


பிப்ரவரி 20

தம்பி மகளுக்கு,

உன்னை யார் எழுதச் சொன்னது? உன் அப்பனுக்குத் தெரியுமா? தெரியாமல் எழுதியிருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தை எழுது. உங்கள் வீட்டில் மறைத்து வைப்பது பரம்பரை வியாதி.

நான் இங்கே பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். நாள் முழுக்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முகம் முகமாக வரும். உள்ளே கணக்குப் பிரிவுக்கு வரச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். போகவில்லை. எனக்கு ஜன்னல்தான் வேண்டும்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. குழியைத் தோண்டும்போது நான் அங்கே இருக்க வேண்டும். பெட்டியை என் கண் முன்னால் திறக்க வேண்டும். உள்ளே இருப்பதை நான் பார்க்க வேண்டும். இதற்குச் சம்மதம் என்று உன் அப்பன் சொல்லட்டும். சொல்லாவிட்டால் பொதுக்குழியோ எதுவோ, எனக்குக் கவலை இல்லை.

எலும்பைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பான். அது என் பாடு.

அத்தை


மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னது என் தவறு. உங்களுக்கு எழுதினேன் என்றதும் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தார். "உங்கள் வீட்டில்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் விரலை வைத்துத் திரும்பவும் படித்தார். பிறகு, அக்கா கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பட்டும், வரவும் வேண்டாம், எதையும் பார்க்கவும் வேண்டாம், பெட்டியைத் திறக்க விடமாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டேன். சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அத்தை, நான் உங்கள் இருவரையும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அவர் பார்க்கக் கூடாது என்கிறார். இரண்டு பேரும் காரணம் சொல்வதில்லை. நடுவில் சித்தப்பா மட்டும் பொதுக்குழிக்குப் போய்விடுவார் போலிருக்கிறது. இதை மரியாதைக் குறைவாக எழுதவில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். சித்தப்பா எப்படி இருப்பார் என்று எழுதுவீர்களா? இங்கே ஒரு புகைப்படம்கூட இல்லை. அம்மாவிடம் கேட்டால் பொத்தானை எண்ணுவதுபோல் குனிந்துகொள்கிறாள்.

தம்பி மகள்


மார்ச் 14

தம்பி மகளுக்கு,

நீ வாய் நீளமான பெண் என்று தெரிகிறது. அது என் பக்கத்திலிருந்து வந்தது. போகட்டும்.

எங்கள் அம்மா போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நான்தான் தூக்கி வளர்த்தேன். உன் அப்பன் நடுவில் பிறந்தவன். யார் மடியிலும் இடம் கிடைக்காமல் வளர்ந்ததாலோ என்னவோ, அவன் அப்போதே பேசமாட்டான். சின்னவன் அதற்கும் சேர்த்துப் பேசுவான்.

சாயப்பட்டறையில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. எந்தத் தொட்டியோ அந்த நிறம்தான் பெயர். சிவப்பு, கறுப்பு, நீலம் என்று கூப்பிடுவார்கள். இவன் மஞ்சள். தினமும் சாயத்தில் துணியை முக்கி எடுத்து எடுத்து முழங்கை வரைக்கும் மஞ்சளாக இருப்பான். அதனால் அவனால் ஒரு திருட்டும் பண்ண முடியாது. சர்க்கரை டப்பாவில், அலமாரியில், புதுத் துண்டில், எங்கே பார்த்தாலும் மஞ்சள் விரல். "நான் இல்லக்கா" என்பான், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே. பக்கத்து வீட்டுப் பெண்ணின் சைக்கிள் கைப்பிடியில் ஒருநாள் மஞ்சள் இருந்தது. அதற்கு நான் என்ன சொல்ல?

கப்பலில் வேலைக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு வெறி. உன் அப்பன் பட்டறையில் மேஸ்திரி. விடமாட்டேன் என்றான். இதை வைத்து இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். கிளம்பும்போது சின்னவன் சொன்னான், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்விடுவேன், தேடாதே என்று. அப்புறம் தந்தி வந்தது. தொட்டியில் விழுந்து இறந்துவிட்டான் என்று. நான் வரும்வரை எடுக்காதீர்கள் என்று பதில் தந்தி அடித்துவிட்டு ஓடினேன். வழியில் வெள்ளம். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஓர் இரவும் ஒரு பகலும் நின்றேன். போய்ச் சேர்ந்தபோது மண் ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குக் காட்டினார்கள். ஈர மண்.

ஏன்டா காத்திருக்கவில்லை என்று ஊரே பார்க்க உன் அப்பன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே யார்டா இருக்கான் என்றும் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. அன்றைக்குக் கிளம்பியவள்தான்.

ஒரு காரியம் செய். பட்டறை வாசலில் அன்று என்னிடம் ஒருவன், நீலத்தொட்டியில் விழுந்தான் என்று சொன்னான். என் தம்பி மஞ்சள். அவன் எதற்கு நீலத்துக்குப் போகிறான்? அப்போது நீலத்தொட்டியில் வேலை பார்த்தவன் யார், அந்த விபத்துக்குப் பிறகு யாராவது அவனைப் பார்த்தார்களா என்று விசாரித்து எழுது. அவனும் என் தம்பி உயரம்தானா என்றும் கேள்.

அத்தை


மார்ச் 29

அன்புள்ள அத்தைக்கு,

நல்ல செய்தி. கண்டுபிடித்துவிட்டேன்.

பட்டறை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இப்போது எல்லாம் இயந்திரம். பழைய தொட்டிகளைத் தூர்த்து மேலே சைக்கிள் நிறுத்துகிறார்கள். அப்பா அந்தத் தெருவழியாக வண்டி ஓட்டமாட்டார், சுற்றித்தான் போவார். அதனால் நானும் இதுவரை உள்ளே போனதில்லை. காவலாளி என்னைக் கேலி செய்தார், பள்ளிக்கூடப் பரீட்சைக்கு இதெல்லாமா பாடம் என்று. ஆனால் வழி சொன்னார். நீலத்தொட்டிக்காரர் உயிரோடு நலமாக இருக்கிறார், அத்தை. எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். அவர் இறந்திருப்பாரோ என்று நீங்கள் கவலைப்பட்டிருந்தால் இனி கவலை வேண்டாம்.

அவர் வாசலில் உட்கார்ந்து குடை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருக்கிறது. யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். சொன்னேன். கம்பியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவி வெளியே வந்து, அவர் இப்படித்தான், பட்டறைப் பேச்சு எடுத்தாலே எழுந்துவிடுவார் என்றார். அன்றைக்குக் கணவருக்குக் காய்ச்சல் என்றும், நீலத்துக்கு ஆள் இல்லாததால் அப்பாதான் சித்தப்பாவை அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார் என்றும் அந்த அம்மாதான் சொன்னார். தொட்டிக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டிருக்குமாம். அதில் வெறுங்காலோடு நின்று கம்பால் துணியைப் புரட்ட வேண்டும். நீலத்துப் பலகை எப்போதும் வழுக்குமாம். பழகின கால் என்றால் நிற்கும்.

நான் கிளம்பும்போது நீலத்தொட்டிக்காரர் கதவருகே வந்தார். "எனக்குக் காய்ச்சல்மா. நெஜமாவே காய்ச்சல்" என்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஆக, சித்தப்பா ஏன் நீலத்துக்குப் போனார் என்று தெரிந்துவிட்டது. அப்பா ஏன் பேசுவதில்லை என்பதும் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. இனி நீங்கள் அவரை மன்னித்துக் கையெழுத்துப் போடுவீர்கள் அல்லவா?

தம்பி மகள்


ஏப்ரல் 6

தம்பி மகளுக்கு,

அந்த ஆள் பொய் சொல்கிறான். இல்லையென்றால் அவன் பெண்டாட்டி. உன் அப்பன் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறார்கள்.

முகத்தை யார் பார்த்தது? அதை மட்டும் கேள். ஊரில் எவனைக் கேட்டாலும் பெட்டியைத்தான் பார்த்தேன் என்றான். தொட்டியிலிருந்து எடுத்ததும் துணி போட்டு மூடிவிட்டார்களாம். பெட்டியைத் தூக்கினவன்கூட முகம் பார்க்கவில்லை. உன் அம்மா அப்போது கல்யாணமாகி வந்த புதிது. அவள் அங்கேதான் இருந்தாள். அவள் பார்த்தாளா? பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுது. அது போதும் எனக்கு. உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன், வரவும் மாட்டேன், திறக்கவும் வேண்டாம்.

உன் அம்மா பொய் சொல்லத் தெரியாதவள். அவளைக் கேள்.

அத்தை


ஏப்ரல் 13

அன்புள்ள அத்தைக்கு,

அம்மாவிடம் கேட்டேன். முகம் பார்த்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தில் வேறு விஷயம் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். தமிழில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். மழை இல்லை. இடுகாட்டில் அளவு எடுத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். கோடு சித்தப்பாவின் கால்மாட்டில் போகிறது.

தயவுசெய்து கையெழுத்தை அனுப்புங்கள்.

தம்பி மகள்


ஏப்ரல் 19

கண்ணு,

நீ எழுதாமல் விட்டதைத்தான் நான் படித்தேன்.

வேறு யாரும் எனக்கு இதைச் சொல்லப்போவதில்லை. உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. அத்தை கெஞ்சிக் கேட்கிறேன். அம்மா சொன்னதை அப்படியே எழுது.


ஏப்ரல் 26

அன்புள்ள அத்தைக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மையைச் சொல்வதுதான் நல்லது என்று நான் நம்புகிறேன். நீங்களும் கேட்கிறீர்கள். அம்மா அழுதுகொண்டே சொன்னாள். அதை அவள் சொன்ன மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

அன்றைக்கு மதியம் சித்தப்பாவைப் பட்டறையின் பின்கட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அப்பா எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவை மட்டும் தண்ணீர் இறைக்கக் கூப்பிட்டார். அம்மா அந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சித்தப்பா முழுக்க நீலமாக இருந்தார். தலைமுடி, காது மடல், இமை, பல் எல்லாம் நீலம். காயம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் கழுவினார்கள். சவுக்காரம் போட்டார்கள், சோடா போட்டார்கள். சாயக்காரர்கள் சாயங்காலம் கை கழுவுகிற எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தார்கள். தண்ணீர் நீலமாக ஓடிக்கொண்டே இருந்தது. முகம் மட்டும் மாறவே இல்லை. அப்பா தன் கை தோல் உரிகிறவரை தேய்த்தார். இருட்டிவிட்டது. அப்போதுதான் உங்கள் தந்தி வந்தது.

அப்பா அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னாராம். "அக்கா இதப் பாக்கக் கூடாது. அவ வளர்த்த மொகம் அவகிட்ட இருக்கட்டும். இத நான் வச்சுக்கறேன்."

விடிந்ததும் எடுத்துவிட்டார்கள்.

அம்மா முகத்தைப் பார்த்தாள், அத்தை. அடையாளம் தெரிந்ததா என்று கேட்டேன். முகத்தைப் பார்த்தால் யாரோபோல்தான் இருந்தது என்றாள். ஆனால் கையைக் கழுவியது அம்மாதான். உடம்பு முழுக்க நீலமாக இருந்தபோது, இரண்டு கைகளும் முழங்கை வரை பச்சையாக இருந்தனவாம். உள்ளங்கை நல்ல இலைப் பச்சை. அங்கே மட்டும் ஏன் பச்சை என்று அம்மாவுக்கு அப்போது புரியவில்லை. அப்பாவைக் கேட்டாள். அவர் அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

இனி உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் எதுவும் மறைவாக இல்லை. அவர் உங்கள் மேல் வைத்திருந்த பாசத்தால்தான் அப்படிச் செய்தார். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மனம் ஆறும் என்று நினைக்கிறேன்.

தம்பி மகள்


மே 15

கண்ணு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

உன் மேல் கோபம் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். கேட்டு வாங்கிக்கொண்டது நான்.

உன் அப்பன் காய்ச்சல் கதை சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். உன் அம்மா முகத்தைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்திருந்தாலும், நீல முகம் யார் முகமாகவும் இருக்கலாம் என்றிருப்பேன். பச்சைக் கைக்கு என்னிடம் பதில் இல்லை. வருஷக்கணக்கில் மஞ்சள் ஏறிய கையில் நீலம் பட்டால்தான் அப்படி ஆகும். அந்தப் பட்டறையில் மஞ்சள் ஒருவன்தான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லாதது. அவன் சாகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீலத்தொட்டியில் எவனோ விழுந்து செத்தான், என் தம்பி அந்தக் குழப்பத்தில் கப்பலுக்கு ஓடிவிட்டான், ஓடினான் என்று சொல்ல வெட்கப்பட்டு உன் அப்பன் அந்த உடம்பைத் தம்பி என்று சொல்லிப் புதைத்துவிட்டான். இப்படித்தான் நினைத்தேன். உன் அப்பன் பேசாமல் நின்றானே, அதுதான் எனக்குச் சாட்சி. புத்தி பேதலித்தவள் என்று நினைக்காதே. காலையில் எழுந்து குளித்து ஒழுங்காக வேலைக்குப் போகிறவள்தான் நான். போய் ஜன்னலில் உட்கார்ந்தால் வரிசையில் வருகிற ஒவ்வொரு ஆம்பளை கையையும் பார்ப்பேன். முதலில் சின்னப் பையன்களைப் பார்த்தேன். வருஷம் போகப்போக அவனுக்கும் வயசு கூட்டினேன். மீசை வைத்தேன். கொஞ்சம் தொப்பை போட்டேன். போன வருஷம் காதோரம் நரைக்க விட்டேன். கப்பல்காரன் என்றால் வெயிலில் சீக்கிரம் நரைக்கும் அல்லவா? ஒரு கோபக்காரப் பெண்டாட்டியும் கொடுத்திருந்தேன். அவனை அடக்க ஆள் வேண்டுமே.

உன் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தபோது அவனுக்கு நாற்பத்து மூன்று வயசு. படித்து முடித்தபோது இருபத்தொன்று.

நீங்கள் எல்லோரும் எப்போதோ அழுது முடித்துவிட்டீர்கள். எனக்கு என் தம்பி இந்த மாதம்தான் செத்தான்.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நான் வரவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம். ஜன்னல் வேலையை விட்டுவிட்டேன், உள்ளே கணக்குப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே யார் முகமும் வராது.

அத்தை


மே 20

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. நான் படித்த கதைகளில் உண்மை வெளியே வந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நான் அதை நம்பினேன். உங்கள் கடிதத்தை நூலகத்திலிருந்து வந்து நின்றபடியே படித்தேன்.

அம்மா சொல்லாதே என்றது அப்பாவுக்காக என்று நினைத்தேன். உங்களுக்காகத்தான் சொல்லியிருக்கிறாள். "அவங்க மனசுல வேற என்னமோ ஓடுதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்கிறாள். எனக்கு மட்டும் தெரியவில்லை. எவ்வளவு படித்தும் தெரியவில்லை.

அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். வண்டியில் உட்கார்ந்து படித்தார். நான் வெளியே நின்றேன். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கி, "அக்கா அழுதாளா? எழுத்துல தெரியுதா பாரு" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவரே திரும்பப் பார்த்தார். "எழுத்து நேராத்தான் இருக்கு" என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவர் சொல்லவில்லை.

உங்களுக்கு உயிரோடு ஒரு தம்பி இருந்தார். நான் அவரை எடுத்துவிட்டேன். மன்னியுங்கள் என்று எழுதக்கூட எனக்கு உரிமை இல்லை.

நாளை மறுநாள் காலை மாற்றுகிறார்கள்.

தம்பி மகள்


மே 23

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒருவர் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். வேண்டாம் என்றால் இந்த இடத்தோடு மடித்து வைத்துவிடுங்கள்.

நேற்றுக் காலையில் போனோம். அப்பா, அம்மா, நான். குடைக்காரர், அதாவது நீலத்தொட்டிக்காரரும் வந்திருந்தார். கிட்டே வராமல் மதில் ஓரமாகவே நின்றார். அப்பாதான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இரண்டு பேரும் ஒரே பட்டறையில் இருந்தவர்கள், இத்தனை வருஷமாக ஒரே ஊரில் இருக்கிறார்கள், நேற்றுத்தான் திரும்பப் பேசினார்களாம். பேசியது என்னவோ குடையைப் பற்றித்தான்.

பழைய பெட்டி மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது, அதனால் திறப்பது என்ற பேச்சே எழவில்லை. தோண்டுகிறவர்கள் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். புதுப் பெட்டி சின்னது. எனக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. அப்பா அதை ரொட்டி வண்டியின் பின்பக்கத்தில் வைக்க மாட்டேன் என்றார். மடியில் வைத்துக்கொண்டார். அதனால் வண்டியை ஓட்ட ஆள் இல்லை. கடைசியில் குடைக்காரரின் மகன் வந்து ஓட்டினார். புது இடம் போகும்வரை அப்பா பெட்டியின் மேல் கையைத் தட்டிக்கொண்டே வந்தார், தூங்கவைப்பதுபோல. தனக்குத் தெரியாமலே செய்தார் என்று நினைக்கிறேன்.

புதிய இடத்தில் மரம் எதுவும் இல்லை. மண் சிவப்பாக, கட்டி கட்டியாக இருக்கிறது. மூடும்போது அப்பா குனிந்து பேசினார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. "இன்னைக்கும் அக்காவ விட்டுட்டே வந்துட்டேன்டா" என்றார்.

இரண்டு நாளாக அவர் வேலைக்குப் போகவில்லை. இன்று மாலை என் மேஜைக்கு வந்து, அக்காவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். பேனாவைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுத வரவில்லை. நான் சொல்லுகிறேன், நீ எழுது என்றார். அவர் சொன்னதை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன்.

"அக்கா. நல்லா இருக்கியா?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. விளக்கு வைக்கும் வரை பேனாவோடு காத்திருந்தேன். அடுத்த வரி வரவில்லை. இதை இப்படியே அனுப்பு என்றார்.

தம்பி மகள்


ஜூன் 1

கண்ணு,

என் தம்பியிடம் சொல். நான் நல்லா இல்லை. வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்.

அத்தை